பட்டன் கத்தியும் ஆயுதச் சட்டமும்

நேயர்கள் இக்கட்டுரையின் தலைப்பைக் கண்டு திகைக்க வேண்டாம். கரும்பலகைக்கும் சாக்கட்டிக்கும் நடுவே காலம் கழிக்கும் ஓர் உபாத்தியாயருக்குக் கத்தியைப் பற்றி எழுத என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்பது நியாயமே. நமக்குள்ள யோக்கியதை ஒன்றுதான்: இவ்விஷயத்தில் ஒருவருக்கு நாம் தவறான யோசனை கூறினோம். அத்தவற்றைத் திருத்துவதற்காகச் சட்டப் புத்தகங்களைப் புரட்டினோம். தோல் வேலையில் தலை நரைத்தவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டோம். அறிந்ததை நமக்குள்ளேயே வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

தோல் பிரதேசம்

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கே பிரயாணம் செய்பவர்கள் ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் ஆம்பூர் வந்ததென்று தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை. இரண்டு மணங்கள் முன்னதாகவே வந்து வரவேற்கும். ஒன்று பிரியாணியின் மணம். மற்றொன்று தோலின் மணம். முதலாவதை நாடி வருகிறவர்கள் இரண்டாவதைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்வதுண்டு. ஆனால் இப்பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது அந்த இரண்டாவது மணத்தினாலேதான்.

பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் பிரதேசம் முன்பு ஒரே வேலூர் ஜில்லாவாக இருந்தது. 2019-ஆம் ஆண்டில் அதை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தன; இராணிப்பேட்டை தன் பெயராலேயே ஒரு ஜில்லாவுக்குத் தலைநகராயிற்று. ஜில்லாக்கள் மூன்றானாலும் தொழில் ஒன்றே. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். பிற்பாடு குரோம் உப்பு வந்தது. இன்று இங்கே தைக்கப்படும் பாதரட்சைகள் ஐரோப்பியக் கடைத்தெருக்களில் விற்பனையாகின்றன.

தோல் என்று சொன்னால் கத்தி என்று சொல்லாமல் முடியாது. பச்சைத் தோலைச் சாய்ந்த மரத்தின்மேல் விரித்து, இரு முனையிலும் பிடியுள்ள வளைந்த நீண்ட கத்தியால் சதையை வழித்தெடுப்பது பழைய வழக்கம். பதனிட்ட தோலைக் கத்தரிக்க ஒரு கத்தி. தையல் வரும் ஓரத்தை மடிப்பதற்கு ஏற்ப மெல்லியதாகச் சீவ வேறொரு கத்தி. பிறைச்சந்திரன் போன்ற அகன்ற கத்தியும் உண்டு. இயந்திரங்கள் பல வந்துவிட்ட போதிலும், நுட்பமான வேலைக்கு இன்னும் கையும் கத்தியுமே கதி.

மாணவர் கொண்டுவந்த கத்தி

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் பாதரட்சைத் தொழிற்சாலையொன்றில் கட்டிங் பிரிவில் எட்டு வருஷம் வேலை பார்த்தார். பிறகு தாயாரின் வளையல்களை அடகு வைத்து ஒரு தையல் இயந்திரம் வாங்கி, வீட்டுத் திண்ணையை அடுத்த அறையில் சொந்தப் பட்டறை தொடங்கினார். பெல்ட்டு, பர்சு, சாவிக்கொத்துப் பட்டை ஆகியவற்றுடன் கத்திகளுக்குத் தோல் உறைகளும் செய்கிறார். உறை வேலையில் அவருக்கு விசேஷமான கைத்திறமை.

தில்லியில் நடக்கும் கைத்தொழில் கண்காட்சி ஒன்றில் அவருக்குக் கடை போட இடம் கிடைத்தது. சந்தோஷ சமாசாரத்தைச் சொல்வதற்காக நம் வீட்டுக்கு வந்தவர் பேச்சினிடையே பையிலிருந்து ஒரு சிறு பொருளை எடுத்தார். "ஸார், இதைப் பாருங்கள்" என்று சொல்லி அதன் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சப்தம். கண் இமைப்பதற்குள் பளபளவென்று ஒரு கத்தி அவர் கையில் நின்றது!

நம் ஊரில் இதைப் பட்டன் கத்தி என்பார்கள். பிடிக்குள்ளே ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் அலகை வெளியே தள்ளியபடி இருக்கும். ஒரு சிறு கொக்கி அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். பொத்தானை அழுத்தினால் கொக்கி விலகும், அலகு பாயும். இதில் இரண்டு ஜாதிகள் உண்டு. ஒன்றில் அலகு சாதாரண மடக்குக் கத்தியைப் போலப் பக்கவாட்டில் சுழன்று திறக்கும். மற்றொன்றில் பிடியின் முனையிலிருந்து நேராக முன்னே பாயும். மாணவர் கொண்டுவந்தது முதல் ஜாதி. அலகின் நீளம் 9 சென்டிமீட்டர். அகலம் 2 சென்டிமீட்டர்.

"ஒரு கையில் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு கையாலேயே திறக்கலாம், ஸார். அது மட்டுமல்ல, வெறும் உறையைக் கண்காட்சியில் வைத்தால் யார் வாங்குவார்கள்? கத்தியோடு வைத்தால்தானே அதன் அழகு தெரியும்? இதைத் தில்லிக்குக் கொண்டுபோவதில் தொந்தரவு ஏதும் வராதே?" என்று கேட்டார்.

நாம் சற்றும் யோசிக்கவில்லை. "நம் வீட்டு அரிவாள்மணையில் பாதி கூட இல்லை. இதற்கா சட்டம்? தைரியமாகக் கொண்டு போ, அப்பா!" என்று சொல்லி அனுப்பினோம். படித்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல நா எழுவதில்லை அல்லவா?

வகுப்பறையில் ஒரு கேள்வி

சில தினங்களுக்குப் பிறகு வகுப்பில் வேலூர்ப் புரட்சியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய தலைப்பாகை ஒரு காரணம் என்பதும், அந்தத் தலைப்பாகையில் தோலாலான குஞ்சம் வைத்ததே சிப்பாய்களின் மனத்தைப் புண்படுத்தியது என்பதும் நேயர்கள் அறிந்ததே. அந்தப் புரட்சியிலிருந்து 1857-க்குத் தாவி, அங்கிருந்து ஆயுதச் சட்டத்திற்கு வந்தோம். உடனே ஒரு சிறுமி எழுந்து, "அது வெள்ளைக்காரர் சட்டம், ஸார். இப்போது நாம் கத்தி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள்.

பதில் தெரியவில்லை. அதே கணத்தில் தில்லிக்குப் புறப்படவிருக்கும் மாணவரின் முகம் நினைவுக்கு வந்தது. நெஞ்சில் ஏதோ குத்தியது போலிருந்தது. அன்றிரவே புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இந்திய ஆயுதச் சட்டம் 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது பிறந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க லைசென்சு வேண்டும், ஐரோப்பியர்களுக்கோ விலக்கு. இந்தப் பாரபட்சமே நம் தலைவர்களின் மனத்தை எரித்தது. காந்தியடிகள் அஹிம்சையைப் போதித்தவர். எனினும், ஒரு தேசத்தார் முழுவதையும் நிராயுதபாணிகளாக்கிய இச்சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கரிய காரியங்களில் ஒன்றாகவே அவர் கருதினார். 1927-ஆம் ஆண்டில் நாகபுரியில் அவாரி என்பவருடைய தலைமையில் தொண்டர்கள் இச்சட்டத்தை மீறிச் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அதே ஆண்டில் சென்னை மாகாணத்திலும் வாள் சத்தியாக்கிரகம் எழுந்தது. அதை முன்னின்று தொடங்கியவர், பின்னாளில் தமிழ்நாட்டின் முதன்மந்திரியாக விளங்கிய காமராஜர்தான்.

1928-ஆம் ஆண்டின் நேரு அறிக்கையிலும், 1931-ஆம் ஆண்டின் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை பிரஜைகளுக்கு உண்டு என்று சேர்த்தார்கள். ஆனால் சுதந்திரம் வந்தபின், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ எச். வி. காமத் அவ்வுரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கக் கோரியபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. சீக்கியர் கிர்பான் அணிவது மட்டும் மத சுதந்திரத்தைச் சேர்ந்ததாக அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது. ஆகவே இந்நாட்டில் ஆயுதம் தரிப்பது பிறப்புரிமையன்று. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு உட்பட்ட விஷயம்.

சட்டம் சொல்வது என்ன?

1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 1959-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 1962 அக்டோபரில் அது அமலுக்கு வந்தது. அதன் போக்கை நான்கு கேள்விகளில் அடக்கிவிடலாம்.

முதற் கேள்வி: ஆயுதம் எது? தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ ஆயுதமாகவே அமைக்கப்பட்ட பொருள் எதுவும் ஆயுதமே. கூரான கத்திகளும் அதில் அடங்கும். ஆனால் வீட்டு உபயோகத்திற்கும் விவசாயத்திற்கும் மட்டுமே ஏற்பட்ட பொருள்கள் ஆயுதமல்ல. சாதாரணக் கைத்தடி ஆயுதமல்ல. விளையாட்டுப் பொருளாகவன்றி வேறு எதற்கும் உதவாதவையும் ஆயுதமல்ல. அரிவாள்மணை எவ்வளவு பெரியதாயினும் அது சமையலறைக்குச் சொந்தம். அதனுடன் பட்டன் கத்தியை ஒப்பிட்ட நம் வாதம் இங்கேயே முறிந்துவிட்டது. சட்டம் நீளத்தை மாத்திரம் பார்ப்பதில்லை. எதற்காக அமைக்கப்பட்டது என்பதையும் பார்க்கிறது.

இரண்டாம் கேள்வி: அளவு என்ன? ஆயுத விதிகளின் அட்டவணையில் ஐந்தாம் பிரிவு வாள், கட்டாரி, ஈட்டி முதலியவற்றைச் சொல்லிவிட்டு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளையும் சேர்க்கிறது. அதிலும் வீட்டுக்கும், விவசாயத்துக்கும், விஞ்ஞானத்துக்கும், கைத்தொழிலுக்கும் அமைந்தவை விலக்கப்பட்டிருக்கின்றன. நம் பகுதியில் தோல் சீவும் பிறைக் கத்தியின் அலகு 2 அங்குலத்துக்கு மேல் அகன்றிருக்கலாம். அதைப் பட்டறையில் வைத்துப் பிழைப்பவர் அச்சப்பட வேண்டாம் என்பதற்கு ஆதாரம் 'கைத்தொழில்' என்ற இந்த ஒரு சொல்லே.

மூன்றாம் கேள்வி: எங்கே? துப்பாக்கிக்குத் தேசமெங்கும் லைசென்சு வேண்டும். மற்ற ஆயுதங்களுக்கு அப்படியல்ல. எந்தப் பிரதேசத்தில் தேவையென்று சர்க்கார் கருதுகிறார்களோ, அந்தப் பிரதேசத்துக்கு அறிவிப்பு வெளியிட்டு, இன்ன வகை ஆயுதத்துக்கு லைசென்சு வேண்டுமென்று விதிக்கலாம். சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஓரிடத்தில் குற்றமில்லாதது மற்றோர் இடத்தில் குற்றமாகலாம் என்பதே இதன் பொருள். வேறு ராஜ்யத்துக்குக் கத்தியுடன் பிரயாணம் செய்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். ஆயுத லைசென்சு சம்பந்தமான காரியங்களைக் கவனிப்பது கலெக்டர் காரியாலயம். அங்கே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நான்காம் கேள்வி: விற்பனையும் இறக்குமதியும். குறிக்கப்பட்ட வகை ஆயுதங்களைச் செய்வதற்கும் விற்பதற்கும் 5-ஆம் பிரிவின்படி லைசென்சு வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆயுதம் தருவிப்பதை 10-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அயல்நாட்டுக் கடைக்குப் பணம் அனுப்பிவிட்டால் கத்தி வீடு வந்து சேர்ந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் நடுவில் சுங்க இலாகா என்று ஒன்று இருப்பதை மறந்துவிடக் கூடாது.

தில்லியில் ஓர் ஆபத்து

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டே வந்தபோது தில்லியைப் பற்றிய இடம் வந்தது. நமக்கு உடம்பு வியர்த்துவிட்டது.

தில்லி நிர்வாகத்தினர் 1980 அக்டோபர் 29-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்பிரிங்கினால் திறப்பவை, பொத்தானால் திறப்பவை, வேறு இயந்திர உபாயத்தால் திறப்பவை ஆகிய கத்திகளில், அலகு 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமாகவும், 1.72 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலமாகவும் இருந்தால் அது கட்டுப்பாட்டுக்கு உட்படும். நம் மாணவரின் கத்தியோ 9-க்கு 2!

இந்த அறிவிப்பைப் பற்றி 2024-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. தில்லியில் பட்டன் கத்தியுடன் பிடிபட்ட ஒருவர்மீது தொடர்ந்த வழக்கைக் கோர்ட்டார் ரத்து செய்தார்கள். காரணம் யாதெனில், அறிவிப்பு கட்டுப்படுத்துவது அத்தகைய கத்திகளைச் செய்வதையும், விற்பதையும், விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருப்பதையுமே. அந்த மனிதர் விற்பனைக்காக வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் ஒரு வார்த்தையும் இல்லை. தீர்ப்பைப் படித்தவுடன் முதலில் ஆறுதல் உண்டாயிற்று. அடுத்த நிமிஷமே அந்த ஆறுதல் பறந்துவிட்டது. நம் மாணவர் எங்கே போகிறார்? கண்காட்சிக்கு. எதற்கு? வியாபாரத்துக்கு. கத்தியை எங்கே வைக்கப் போகிறார்? கடைப் பலகையின்மேல், விலைச் சீட்டு ஒட்டிய உறைக்குள்ளே! அந்த மனிதரைக் காப்பாற்றிய அதே காரணம் நம் மாணவருக்கு விரோதமாகவல்லவா திரும்பும்? அன்றியும், அந்த மனிதருக்கு நியாயம் கிடைத்தது தேசத்தின் மிக உயர்ந்த நீதிஸ்தலத்தின் வாசலில். அதுவரை ஏறி இறங்க நம் மாணவரிடம் அடகு வைக்க இன்னும் வளையல்களா இருக்கின்றன?

இது நம் தேசத்தாருக்கு மட்டும் ஏற்பட்ட பயமென்று நினைக்க வேண்டாம். ஸ்பிரிங் கத்தி பற்றி அமெரிக்கா 1958-ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 1959-ஆம் ஆண்டிலும் தனிச் சட்டம் செய்துவிட்டன. இங்கிலாந்தில் 2021 முதல் அதை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அமெரிக்கச் சட்டத்தில் மனத்தைத் தொடும் ஒரு விலக்கு இருக்கிறது. ஒரே கையுள்ளவர் 3 அங்குலமும் அதற்குட்பட்டும் அலகுள்ள பட்டன் கத்தியை வைத்துக்கொள்ளலாம். உண்மையான தேவை எதுவென்று சட்டம் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து ராம்பூர் இவ்வகைக் கத்திக்குப் பெயர் போனது. 1970-களின் ஹிந்திப் படங்களில் போக்கிரிகளின் கையில் 'ராம்பூரி' விரிவதைப் பார்த்துக் கைதட்டாதவர்கள் குறைவு. சினிமா தேடித்தந்த கீர்த்தியே அந்தக் கைத்தொழிலுக்கு அபகீர்த்தியாகவும் முடிந்தது. பட்டன் கத்தியைக் கண்டதும் போலீஸ்காரருக்குத் தோலும் உறையும் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் படங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

புறப்படும் முன்தினம்

மறுநாள் மாலை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மாணவரின் வீட்டுக்குப் போனோம். அடுத்த நாள் காலையில் சென்னைக்குச் சென்று, அங்கிருந்து தில்லி ரயில் ஏற ஏற்பாடாகியிருந்தது. உறைகளை அடுக்கிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மேலாக அந்தக் கத்தி!

"தம்பி, அன்று நான் சொன்னது தவறு. இந்தக் கத்தி தில்லிக்கு வரக்கூடாது" என்றோம். விஷயத்தை விளக்கினோம். அவருடைய முகம் வாடிவிட்டது. "உறையெல்லாம் இந்தக் கத்தியின் அளவுக்கே தைத்திருக்கிறேன், ஸார்" என்றார்.

அவருடைய தாயார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வெங்காயம் நறுக்குகிற கத்திக்கும் சட்டம் உண்டா, வாத்தியார் ஐயா?" என்று வினவினார்.

"அதற்கு இல்லை, அம்மா. இது வெங்காயம் நறுக்குவதற்கு உண்டானதல்லவே!" என்றோம்.

அந்த அம்மாள் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு மகனைப் பார்த்து, "கத்தியையா விற்கப் போகிறாய்? உறையைத்தானே? கட்டையில் ஒன்று செதுக்கி உள்ளே செருகேன்டா!" என்றார்.

சட்டப் புத்தகம் முழுவதும் புரட்டிய நமக்குத் தோன்றாத வழி, எழுத்தறியாத அந்தத் தாய்க்குத் தோன்றியது! விளையாட்டுப் பொருள் ஆயுதமல்ல என்று சட்டமே சொல்லுகிறதே! பக்கத்துத் தெருத் தச்சர் ஒருவர் அன்றிரவே அரை டஜன் மரக் கத்திகளைச் செதுக்கித் தந்தார். பட்டன் கத்தி பட்டறைப் பெட்டிக்குள் போய்ப் பூட்டுக்கு உள்ளானது.

கத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அப்படியானால் பட்டன் கத்தி வாங்கவே கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். ஆம்பூரில் வயது முதிர்ந்த தோல் தொழிலாளி ஒருவரிடம் இதையே கேட்டோம். அவர் மாணவரின் கத்தியைக் கையில் வாங்கினார், திறந்தார், அலகைக் கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் பிடித்து மெல்ல ஆட்டினார். அது ஒரு மயிரிழை அசைந்தது. "இந்த ஆட்டம் இருக்கிறதே, இது தோல் வேலைக்கு உதவாது. ஓரம் சீவும்போது கனம் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் இறங்கும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அதில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. பாய்ந்து திறக்க வேண்டிய அலகுக்குச் சிறிது இடைவெளி இருந்தே தீரும். இடைவெளி இருந்தால் ஆட்டம் இருக்கும். முன்னே பாயும் ஜாதியில் ஆட்டம் இன்னும் அதிகம். வழியில் துணியோ தோலோ தடுத்தால் அலகு பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. தோல் தூள் பிடிக்குள் புகுந்தால் ஸ்பிரிங் மந்தமாகும். ஆகவே தோல் வேலைக்கு மடங்காத கத்தியே உத்தமம். பிடியும் அலகும் ஒன்றாக இறுகிய கத்தி, அதற்கேற்ற ஓர் உறை: இவ்வளவே போதும். சட்டத்துக்கு எது ஏற்றதோ அதுவே வேலைக்கும் ஏற்றதாக இருப்பது நம் அதிர்ஷ்டம்.

ஒரு கையால் திறப்பது அவசியமென்றால், கட்டை விரலால் தள்ளித் திறந்து, திறந்தபின் பூட்டிக்கொள்ளும் சாதாரண மடக்குக் கத்திகள் இருக்கின்றன. ஸ்பிரிங் அலகைத் தள்ளாத வகையாகப் பார்த்து எடுக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகும் பட்டன் கத்திதான் வேண்டுமென்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், மூன்றைப் பரீக்ஷை செய்யட்டும். பொத்தான் தவறி அழுந்தாதபடி தனித் தடுப்பு இருக்கிறதா? திறந்த அலகு, முதுகுப்புறத்தை மேஜையில் அழுத்தினாலும் மடங்காமல் நிற்கிறதா? மூடிய கத்தியைக் குலுக்கினால் அலகு அசையாமல் இருக்கிறதா? இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அக்கத்தி சட்டைப் பையிலேயே திறந்து தொடையைப் பதம் பார்க்கும்.

அலகின் இரும்பையும் கவனிக்க வேண்டும். கார்பன் எஃகு நல்ல கூர் ஏறும். ஆனால் துருப் பிடிக்கும். ஆவாரம் பட்டை முதலியவற்றால் பதனிட்ட தோலில் உள்ள துவர்ப்புச் சத்து, ஈரத்தோடு இரும்பில் பட்டால் கருநீலக் கறை உண்டாகும். அக்காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுது மை காய்ச்சிய ரகசியம் இதுதான். வெளிர் நிறத் தோலில் வேலை செய்பவர் அலகைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது துருவேறா எஃகை நாட வேண்டும். எந்தக் கத்தியையும் தோல் உறைக்குள்ளேயே பல மாதம் விட்டுவைப்பது தவறு. தோல் ஈரத்தை இழுத்துவைத்து அலகைத் துருவேற்றும். உறை தூக்கிச் செல்வதற்கு, வைத்துக் காப்பதற்கன்று.

வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தவும். தொழில் கத்தியை வேலைக்குப் போகும்போது மற்றக் கருவிகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டு செல்லவும். இடுப்பிலும் சட்டைப் பையிலும் வேண்டாம். ஆகாய விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை. போலீசார் கேட்டால், கத்தியைத் திறந்து காட்டி வித்தை செய்யாமல், இன்ன தொழில், இன்ன இடம் என்று அடக்கமாக உண்மையைச் சொல்லவும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தற்காப்புக்கென்று கத்தி வாங்குவதை நாம் ஒருபோதும் சிபாரிசு செய்யோம். கோபம் வந்த கையில் கத்தி இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கோர்ட்டு வராந்தாக்களில் அழுதுகொண்டு நிற்கும் தாய்மார்கள் சொல்வார்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 118-ஆம் பிரிவு, வெட்டும் கருவியால் காயப்படுத்துகிறவருக்கு, காயம் சிறிதானாலும் மூன்று வருஷம் வரை சிறை விதிக்க இடம் கொடுக்கிறது.

முடிவாக

சட்டத்தை அலட்சியம் செய்தால் அது ஒருநாள் வாசற்படியில் வந்து நிற்கும் என்பதை நம் தோல் பிரதேசத்தாருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பாலாற்றில் தோல் கழிவு கலந்த விஷயத்தில், வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தின் வழக்கில் 1996-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தைத் தேசம் முழுமைக்கும் நிலைநாட்டியது. ஆற்றுக்கு ஒரு சட்டம், கத்திக்கு ஒரு சட்டம். அந்நியர் செய்த சட்டத்தை மீறுவது அன்று தேசபக்தி. நம் பிரதிநிதிகள் செய்த சட்டத்தை அறிந்து நடப்பதும், அதில் கோணல் இருந்தால் எடுத்துச் சொல்லித் திருத்துவதும் இன்று தேசபக்தி.

மாணவர் தில்லியிலிருந்து திரும்பிவிட்டார். உறைகள் பெரும்பாலும் விற்றுப்போயின. அடகு வைத்த வளையல்களில் ஒன்று மீண்டுவிட்டது. மற்றொன்று பொங்கலுக்குள் மீளும் என்கிறார். மரக் கத்தியையும் சேர்த்து விலைக்குக் கேட்டவர்கள் சிலர் உண்டாம்!

வகுப்பில் கேள்வி கேட்ட சிறுமிக்கும் பதில் சொல்லிவிட்டோம். "வைத்துக்கொள்ளலாம், அம்மா, எதற்கு, எங்கே, எவ்வளவு என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு" என்றோம். அதற்கு முன்னதாக, "அன்று எனக்குப் பதில் தெரியவில்லை" என்பதையும் வகுப்பார் எல்லோரும் கேட்கும்படி சொன்னோம். இருபது வருஷ உபாத்தியாயத்தில் நாம் நடத்திய நல்ல பாடங்களில் அதுவும் ஒன்று என்றே நினைக்கிறோம்.